அவையும் அழைப்பும்: வலையமைப்பாளர் மாநாடுகளின் உரையழைப்பு வரலாறு

ஓர் அவை கூடுமுன்னரே அதன்கண் எவர் பேசலாம், எதனைப் பேசலாம், எதனைப் பேசலாகாது என்பவற்றைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுவது அதன் அழைப்பேயாகும். அவை கலைந்தபின் ஆங்குப் படிக்கப்பெற்ற உரைகள் தொகுக்கப்படுகின்றன, ஆராயப்படுகின்றன, மேற்கோளாகவும் காட்டப்படுகின்றன. அவ்வுரைகளை வருவித்த அழைப்போ, நாள் கடந்த மண ஓலைபோல் எவராலும் தேடப்படாது மறைகின்றது. அழைப்பும் ஓர் உரைநடை வகையே. அதற்கும் தோற்றமும் வளர்ச்சியும் உண்டு. அதன் ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஒரு பழைய வழக்கு மறைந்து கிடக்கின்றது என்பதே எம் கருத்து. இதனை நிறுவுதற்கு யாம் எடுத்துக்கொண்ட சான்று, இணைய வலையமைப்புகளை இயக்குவோர் தம் மாநாடுகளுக்கு உரை வேண்டி விடுக்கும் அழைப்புகள் ஆகும்.

தமிழ்த் துறையினர்க்கு இஃது அயற்பொருளாகத் தோன்றலாம். ஆதலின் பொருளைச் சிறிது விளக்குதல் வேண்டும். இணையம் ஒரு நிறுவனத்தின் உடைமையன்று. பல்லாயிரம் வலையமைப்புகள் தத்தம் எல்லைக்குள் தனியாட்சி செலுத்திக்கொண்டு, எல்லையில் ஒன்றோடொன்று இணைந்து நிற்கும் நிலைக்கே இணையம் என்பது பெயர். அவ்வலையமைப்புகளை இரவு பகலாக இயக்கிக் காப்போரை ஈண்டு வலையமைப்பாளர் எனச் சுட்டுகின்றோம். ஒருவர் வலையில் நேர்ந்த பிழை அடுத்தவர் வலையையும் தாக்குமாதலின், வாணிகத்தில் போட்டியாளராயினும் ஓரிடத்தே கூடிப் பேசுதல் இவர்கட்கு இன்றியமையாததாயிற்று. அக்கூட்டங்களுள் வட அமெரிக்காவின் நானாக், ஐரோப்பாவின் ரைப், ஆசிய பசிபிக் நாடுகளின் ஏப்ரிகாட், தெற்காசியாவின் சனாக் என்பன பலரும் அறிந்தவை. இவற்றுள் நானாக்கின் வரலாற்றையே யாம் விரித்துரைக்கின்றோம். அழைப்பு இன்றி நடந்த கூட்டம் அழைப்போடு நடக்கும் அவையாக மாறிய கதை அதன்கண் தெளிவாகக் கிடைக்கின்றது.

சொல் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் தொடரைச் சிலர் 'அறைகூவல்' என்று பெயர்த்துள்ளனர். அறைகூவல் போருக்கு அழைப்பது. எதிர்த்து வருக என்பது. ஈண்டு நிகழ்வதோ 'வந்து சொல்லுக' என்னும் வேண்டுகோள். ஆதலின் உரையழைப்பு என்னும் சொல்லை ஆள்கின்றோம்.

நம் மரபில் நூல் அரங்கேறும் முறையை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்பதைப் பாயிரம் கூறுகின்றது. அரங்கேற்றத்துக்கு வருவது முற்றுப்பெற்ற நூல். குற்றம் உளதாயின் அவை அதனைக் காணும். நூலாசிரியன் தானே தன் குற்றத்தை எடுத்துக்காட்ட வருவதில்லை. வலையமைப்பாளர் அழைப்போ இதற்கு நேர்மாறானது. முற்றுப்பெறாததைக் கொணர்க என்கின்றது. பிழைத்த இடத்தைச் சொல்லுக என்கின்றது. இம்மனப்பாங்கு எங்ஙனம் தோன்றியது?

அதன் வேர் 1969ஆம் ஆண்டில் உள்ளது. அமெரிக்க அரசின் பொருளுதவியால் அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு அமைக்கப்பெற்று வந்த காலம் அது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஆய்வு மாணவராயிருந்த ஸ்டீவ் குரோக்கர், அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் ஒரு குறிப்பை எழுதித் தம்மொத்தவர்க்கு அனுப்பினார். அவ்வரிசைக்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் 'கருத்து வேண்டல்' எனலாம். இன்று ஆர்.எஃப்.சி. என்று உலகெங்கும் வழங்கும் ஆவணத் தொடரின் முதல் இதழ் அதுவே. அதே மாதத்தில் வெளியான மூன்றாம் குறிப்பு, இவ்வரிசையில் எழுதுவோர்க்குரிய நெறிகளைக் கூறுகின்றது. அந்நெறிகள் வியப்பூட்டுவன. எடுத்துக்காட்டில்லாத கொள்கையும் எழுதலாம், விடையில்லாத வினாவும் எழுதலாம், முன்னுரை வேண்டுவதில்லை, ஒரு வாக்கியமே போதும். செம்மையாக எழுதிக் காலந்தாழ்த்துவதினும், செம்மையுறாது உரிய காலத்தில் எழுதுவதே நன்று என்பது அதன் கருத்து. எழுத்தில் வந்தமையாலேயே ஒன்றை முடிந்த முடிபாகக் கொள்ளும் இயல்பையும், செப்பமுறாததை வெளியிட அஞ்சும் இயல்பையும் நீக்குவதே தம் நோக்கம் என்று குரோக்கர் அக்குறிப்பிலேயே காரணமும் காட்டியுள்ளார். பிற்கால உரையழைப்புகள் யாவற்றுக்கும் இக்குறிப்பே மூலம் என்று உறுதியாகக் கூறற்கில்லை. ஆயினும் குடிவழி ஒன்றே என்பதில் எமக்கு ஐயமில்லை.

அழைப்பில்லாக் காலம்

1986ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம், ஆறிடங்களை இணைத்து ஒரு முதுகெலும்பு வலையை இயக்கத் தொடங்கியது. எனெஸ்எஃப்நெட் என்பது அதன் பெயர். நொடிக்கு 56 கிலோபிட் என்பதே அதன் வேகம். இன்று ஒரு கைப்பேசிப் படத்துக்கே அது போதாது. 1988இல் நொடிக்கு 1.5 மெகாபிட் அளவிற்கு உயர்த்தப்பெற்ற அவ்வலையை இயக்கும் பொறுப்பு, மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகங்கள் 1966இல் கூடி நிறுவிய மெரிட் என்னும் அமைப்பைச் சார்ந்தது. முதுகெலும்பு வலையின்கீழ் வட்டார வலைகள் பல இருந்தன. அவ்வட்டார வலைகளின் தொழில்நுட்பர்களை மெரிட் அவ்வப்போது கூட்டிப் பேசுவித்தது.

இக்கூட்டங்களுக்கு உரையழைப்பு என ஒன்று தேவைப்படவில்லை. வந்தவர் ஒருவரையொருவர் அறிவர். பெரும்பாலோர் பல்கலைக்கழகங்களையும் அவற்றைச் சார்ந்த வலைகளையும் சேர்ந்தவர். எவர் வலையில் என்ன இடர் என்பது கூட்டத்துக்கு முன்னரே பலர்க்கும் தெரியும். குடும்பத்தார் உணவிற்கு அமரும்போது எவரும் ஓலை அனுப்புவதில்லை அன்றோ? அக்காலத்து நெருக்கத்திற்கு மற்றொரு சான்று, வலைகளுக்கிடையே வழி காட்டும் பி.ஜி.பி. என்னும் நெறிமுறையின் பிறப்பு. 1989 சனவரியில் டெக்சாசு மாநிலத்து ஆஸ்டின் நகரில் நடந்த ஒரு தொழில்நுட்பக் கூட்டத்தின்போது, உணவு மேசையில் கைதுடைக்கும் தாள்களின்மேல் கிர்க் லாஹீடு, யாக்கவ் ரெக்டர் ஆகியோர் அதன் முதல் வடிவத்தை வரைந்தனர். அவ்வாண்டு சூன் மாதத்திலேயே அது 1105ஆம் எண்ணுள்ள கருத்து வேண்டலாக வெளிவந்துவிட்டது.

ஐரோப்பாவிலும் நிலைமை இதுவே. 1989 மே 22ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் ரைப்பின் முதற்கூட்டம் நடைபெற்றது. அதன் பெயர் பிரெஞ்சு மொழித்தொடர் ஒன்றன் சுருக்கம், உரையாட்டோ ஆங்கிலத்தில். பெயரை ஒரு மொழிக்கும் பேச்சை மற்றொரு மொழிக்கும் பகிர்ந்தளித்த அக்கூட்டம் பின்னர் உலகின் பெரிய வலையமைப்பாளர் அவைகளுள் ஒன்றாயிற்று.

எனெஸ்எஃப்நெட்டின் ஒரு விதியை ஈண்டு மனத்திற்கொள்ளல் வேண்டும். அது பொதுப்பணத்தில் இயங்கிய வலை. ஆதலின் ஆராய்ச்சி, கல்வி ஆகியவற்றுக்குத் துணையாகும் செய்திகளே அதில் செல்லலாம். வாணிகச் செய்தி செல்லலாகாது என்பது அவ்விதி. 1990களின் தொடக்கத்தில் வாணிக வலைகள் பெருகியபோது இவ்விதி பெரும் பூசலுக்கு இடமாயிற்று. 1992இல் அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டம் ஒன்று அதனைத் தளர்த்தியது. இறுதியில் அரசு தானே விலகிக்கொள்ள முடிவு செய்தது. சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, நியூயார்க்கு, வாசிங்டன் ஆகிய நகர்ப்பகுதிகளில் நான்கு இணைப்பு நிலையங்கள் அமைந்தன; வாணிக வலைகள் அவற்றில் சந்தித்துக்கொண்டன; 1995 ஏப்ரல் 30ஆம் நாள் எனெஸ்எஃப்நெட் முதுகெலும்பு வலை நிறுத்தப்பெற்றது.

தடை இடம் பெயர்ந்தது

அம்மாற்றத்திற்கு ஓராண்டு முன்னரே, வட்டாரத் தொழில்நுட்பர் கூட்டம் தன் பெயரையும் எல்லையையும் விரித்துக்கொண்டது. 1994 சூன் மாதத்தில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் நானாக் என்னும் பெயரோடு முதற்கூட்டம் நடைபெற்றது. இனி வருவோர் ஒரே புரவலரின்கீழ்ப் பணி செய்யும் உறவினர் அல்லர். ஒருவர் வாடிக்கையாளரை மற்றொருவர் கவர முனையும் வணிகர். அவர்களோடு கருவி விற்போரும் வந்தனர். கூட்டம் பெருகிற்று; முகமறியாதவர் மிக்கனர். முகமறியாதவரைப் பேச அழைக்குங்கால், எதனைப் பேசுக என்று எழுதித்தான் ஆகவேண்டும். உரையழைப்பு அங்ஙனம் தேவையாயிற்று.

அவ்வழைப்புகளில் காலந்தோறும் மாறாது நிற்கும் கூறு ஒன்று உண்டு. வலையை இயக்கியதில் பெற்ற பட்டறிவைச் சொல்லுக. உம் நிறுவனத்தின் பொருளை விற்க முனையற்க என்பதே அது. ரைப்பின் அழைப்புகள் இதனை மிக மென்மையாகக் கூறும். வாணிகச் சார்பான பேச்சினை எம் அவையினர் விரும்புவதில்லை, பட்டறிவும் ஆய்வுமுடிபும் கூறும் உரைகளே வரவேற்கப்படுகின்றன என்பது அவற்றின் போக்கு. நானாக்கின் நெறிகள் இதனினும் கண்டிப்பானவை.

இத்தடையை நன்னடத்தை விதி என்று மட்டும் கொள்வோர் அதன் வரலாற்றை நோக்காதவர். கம்பியில் வாணிகம் செல்லலாகாது என்றிருந்த விதி 1995இல் கம்பியோடு மறைந்தது. ஆயின் அவ்விதியின்கீழ் வளர்ந்த மக்கள் மறையவில்லை. அவர்கள் வாணிக நிறுவனங்களில் பணிக்கமர்ந்தனர். பங்குச் சந்தையில் நிறுவனத்தின் விலை ஏறுவதைக் கண்டு மகிழவும் செய்தனர். எனினும் ஆண்டிற்கு மும்முறை கூடும் தம் அவையில் மட்டும் பழைய விதி நிலைக்க வேண்டுமென விரும்பினர். கம்பியிலிருந்து நீங்கிய தடை மேடையில் வந்து குடியேறியது. இஃது எம் ஊகமே. ஆயினும் அழைப்பின் பிற கூறுகளையும் நோக்குங்கால் வலுப்பெறும் ஊகம்.

அழைப்பின் உறுப்புகள்

பல்கலைக்கழகக் கருத்தரங்கின் அழைப்பு பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கத்தையும், பின்னர் முழுக் கட்டுரையையும் வேண்டும். வலையமைப்பாளர் அழைப்பு முழுக் கட்டுரையைக் கேட்பதில்லை. சுருக்கமும், அதனோடு திரையிற் காட்டக் கருதிய படவில்லைகளின் வரைவும் கேட்கின்றது. வரைவேனும் இல்லாத உரைகளை நிகழ்ச்சிக் குழு ஆராயாது என்று ரைப்பின் அழைப்பு எழுதுகின்றது. பின்னர்த் திருத்திக்கொள்ளலாம் என்று சலுகையும் தருகின்றது. இதன் பயன் பெரிது. விற்பனை நோக்குடையார் இனிய சுருக்கம் எழுதிவிடுவர்; படவில்லைகளைக் காட்டச் சொன்னால் உள்நோக்கம் வெளிப்பட்டுவிடும். மூன்றாம் வில்லையில் நிறுவனத்தின் சின்னமும், நான்காம் வில்லையில் விலைப்பட்டியலும் தலைநீட்டும். வாணிகத் தடையைக் காக்கும் காவலனாகவே வரைவு வேண்டல் அமைந்திருக்கின்றது எனலாம்.

மற்றொரு கூறு, மின்னல் உரை எனப்படும் குறுவுரை. அதற்கு அளவு பத்து நிமிடம். ஏனைய உரைகளுக்கு நாள் வரையறை உண்டு. மாநாட்டுக்குப் பல வாரம் முன்னரே வாயில் சாத்தப்படும். மின்னல் உரைக்கோ வாயில் பெரிதும் திறந்தே உள்ளது. மாநாடு நடக்கும்போதே விண்ணப்பிக்கலாம்; முடிவு முதல் நாளோ அதே நாளோ கிடைக்கும். செம்மையினும் காலம் சிறந்தது என்று 1969இல் எழுதப்பெற்ற நெறியே ஈண்டு வேறு வடிவில் மீண்டும் வந்து நிற்கின்றது.

உரையாளர்க்குக் கட்டணம் பற்றிய விதி அவைக்கு அவை வேறுபடும். சில அவைகள் பதிவுக் கட்டணத்தை விலக்குகின்றன. சில, உரையாளர்க்கும் சலுகை இல்லை என்று வெளிப்படையாகவே எழுதிவிடுகின்றன. பேசுவோனும் கேட்போனும் அவையில் ஒரே தரத்தினர் என்னும் எண்ணம் பின்னதற்கு அடிப்படையாகலாம். நெடுந்தொலைவிலிருந்து வரும் எளியவர்க்கு அவ்வெண்ணம் வாயிலை அடைக்கின்றது என்பதையும் மறத்தற்கில்லை.

அழைப்பை எழுதுவோர் யார், வந்தவற்றைத் தெரிவோர் யார் என்பது இவற்றினும் பெரிய வினா. நானாக்கில் நெடுங்காலம் மெரிட் அமைப்பே எல்லாம் நடத்தி வந்தது. அவையினர் தம் அவையைத் தாமே ஆளவேண்டும் என்னும் குரல் எழுந்தது. 2005இல் சாசனம் ஒன்று ஏற்கப்பட்டு, அவையினரால் தேர்ந்தெடுக்கப்படும் வழிநடத்துங் குழுவும், உரைகளைத் தெரியும் நிகழ்ச்சிக் குழுவும் ஒழுங்குபெற்றன. 2010இல் தனி அமைப்பு ஒன்று நிறுவப்பட்டு, 2011இல் மெரிட்டிடமிருந்து பொறுப்பு முழுவதும் அதற்குக் கைம்மாறியது. ரைப்பிலும் நிகழ்ச்சிக் குழுவினரை மாநாட்டிற்கு வந்தவரே வாக்களித்துத் தேர்கின்றனர். கேட்போரே தம் முன் பேசத்தக்காரைத் தெரிவோரையும் தெரிந்தெடுக்கும் இம்முறை நம் கருத்தரங்குகளில் யாம் கண்டறியாதது.

தன் பிழை, பிறர் பிழை

பட்டறிவைக் கூறுக என்று அழைப்பது எளிது. பட்டறிவுள் மிகப் பயனுடையது தோல்வி. வாணிக நிறுவனத்தார் சொல்ல அஞ்சுவதும் அதுவே. இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டால் இவ்விடர் விளங்கும்.

2006 டிசம்பர் 26ஆம் நாள் தைவான் தீவின் தென்கோடிக்கு அப்பால் நிலநடுக்கம் நேர்ந்தது. தைவானுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடைப்பட்ட கடலடியில் சென்ற கம்பிவடங்கள் பல அறுந்தன. கிழக்காசியாவின் இணையப் போக்குவரத்து குலைந்தது. பழுது நீக்கும் கப்பல்கள் பல வாரங்கள் பாடுபட வேண்டியதாயிற்று. ஏறக்குறைய இரண்டு மாதத்தில், பாலித் தீவில் நடந்த 2007ஆம் ஆண்டின் ஏப்ரிகாட் மாநாட்டில், அந்நிலநடுக்கத்தால் உலக வழிப்பட்டியல் அடைந்த மாற்றங்களை ஆராயும் உரை நிகழ்த்தப்பெற்றது. இயற்கை செய்த அழிவாதலின் அதனைப் பேச எவரும் நாணவில்லை.

2008 பிப்ரவரி 24இல் நேர்ந்தது வேறு வகை. பாகிஸ்தான் அரசு தன் நாட்டில் யூடியூபைத் தடுக்க ஆணையிட்டது. ஆணையை நிறைவேற்றிய அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனம், யூடியூபிற்குரிய 256 முகவரிகளுக்குத் தன் வலையே வழி என்று ஒரு வழிச்செய்தியை அமைத்தது. உள்நாட்டளவில் நிற்கவேண்டிய அச்செய்தி உலக நேரம் 18:47 மணிக்கு எல்லை கடந்து, மேலிணைப்பு தரும் நிறுவனத்தின் வாயிலாக உலகெங்கும் பரவிற்று. யூடியூப் நிறுவனம் 1,024 முகவரிகளுக்குச் சேர்த்தே வழி அறிவித்திருந்தது. குறுகிய தொகுதிக்குரிய வழியையே சிறந்ததாகக் கொள்வது வழிகாட்டுங் கருவிகளின் இயல்பு. எனவே உலகம் பாகிஸ்தானை நோக்கித் திரும்பியது. 20:07 மணிக்கு யூடியூபும் 256 முகவரித் தொகுதியை அறிவித்தது. 20:18 மணிக்கு அதனை 128 முகவரி கொண்ட இரு கூறுகளாக்கி அறிவித்தது. 21:01 மணிக்கு மேலிணைப்பு நிறுவனம் பிழைச்செய்தியை நீக்கியது.

இக்கணக்கு நமக்கு எங்ஙனம் கிட்டியது? வழிச்செய்திகளை உலகின் பல இடங்களில் இடையறாது பதிந்து வைக்கும் ரைப்பின் செயலகம் அதனை ஆராய்ந்து வெளியிட்டமையால் கிட்டியது. அஃதாவது, சொன்னவர் பிழை செய்தவர் அல்லர். கரையில் நின்று கண்டவர். வழிபிழைத்த நிகழ்ச்சிகள் பற்றிய உரைகளுள் பலவும் இவ்வகையினவே. உன் தோல்வியைக் கூறுக என்னும் அழைப்புக்குப் பெரும்பாலும் வருவது, பிறர் தோல்வியை யாம் கண்டவாறு என்னும் விடையே. இதுபற்றி அழைப்பைக் குறை கூறுதல் தகாது. வழக்கறிஞரும் பங்குதாரரும் சூழ்ந்த நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவர், தம் கைப்பிழையை மேடையில் விளக்க முற்படின் அவர் வேலைக்கே இடர் வரலாம். இதனை உணர்ந்தே சில அமர்வுகளில் ஒலிப்பதிவும் ஒளிபரப்பும் விலக்கப்படுகின்றன. எழுத்தில் நிலைபெறுவதை அஞ்சுவோர்க்குக் காற்றோடு போகும் பேச்சு இடந்தருகின்றது. 1969இல் எழுத்தின் அதிகாரத்தைத் தளர்த்த எழுதியே முயன்றனர். இப்போது எழுதாமலும் பதியாமலும் விடுகின்றனர்.

(நம் துறைக் கருத்தரங்க அழைப்புகளை எண்ணிப் பார்க்கின்றோம். 'ஆராய்ச்சியில் யான் பிழைத்த இடம்' என்றொரு தலைப்பு யாம் கண்டவரை எவ்வழைப்பிலும் இல்லை. பாட வேறுபாட்டில் தவறான பாடத்தைக் கொண்டு பத்தாண்டு கட்டிய கோட்டையை இடித்த கதைகள் நம்மவரிடத்தும் உண்டு. தேநீர் வேளையில் மட்டும் வெளிவரும்.)

வாணிகத் தடைக்கு எதிரான வாதத்தையும் கூறுதல் முறை. ஒரு கருவியைப் பற்றி மிகுதியாக அறிந்தவர் அதனைச் செய்தவரே. அவரைப் பேசவொட்டாது தடுப்பின் அறிவுக்கன்றோ இழப்பு? மேலும், மாநாட்டின் செலவில் பெரும்பகுதியைத் தாங்கும் புரவலர் அவரே; உணவு மண்டபத்தில் அவர் பெயர்ப்பலகை தொங்குகின்றது. மண்டபத்தில் ஏற்ற பெயரை மேடையில் மறுப்பது போலியன்றோ என்பர். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அழைப்புகள் கருவி செய்வோரை விலக்கவில்லை, விலைகூறுதலையே விலக்கின. கருவி பழுதுபட்ட விதத்தை அதனைச் செய்தவரே விளக்க வந்தால் அவ்வுரையை எந்த நிகழ்ச்சிக் குழுவும் இரு கையேந்தி ஏற்கும். அவ்வாறு வருவார் அரியர் என்பதே உண்மை.

அழைப்பின் மொழி

ஆசிய பசிபிக் நாடுகளின் ஏப்ரிகாட் 1996இல் சிங்கப்பூரில் தொடங்கியது. சனாக் 2003 சனவரியில் காத்மாண்டு நகரில் தொடங்கி, அவ்வாண்டிலேயே கொழும்பிலும் கூடியது. இவை உரையோடு பயிற்சியையும் இணைத்துக்கொண்டன. வலையை அமைக்கக் கற்போர் மிகுந்த நாடுகளில் இது பொருத்தமே. ஆயின் இவற்றின் அழைப்பு ஆங்கிலத்திலேயே அமைகின்றது. பல மொழி நாட்டினர் கூடுமிடத்தில் வேறு வழி எளிதன்று என்பர்.

வேறு வழி கண்டவரும் உளர். 1997இல் தோன்றிய சப்பானிய வலையமைப்பாளர் அவையாகிய ஜனாக் தன் மொழியிலேயே அழைத்துத் தன் மொழியிலேயே பேசுகின்றது. பிரெஞ்சு நாட்டின் அவையும் அங்ஙனமே. இலத்தீன் அமெரிக்காவின் லாக்னாக் ஸ்பானியம், போர்த்துகீசியம், ஆங்கிலம் என்னும் மும்மொழியிலும் உரையை ஏற்கின்றது. உடனுக்குடன் மொழிபெயர்ப்போர் மண்டபத்தின் பின்புறம் கண்ணாடி அறையில் அமர்ந்திருப்பர். எவர் பட்டறிவு அவைக்கு வரும் என்பதனைத் தலைப்புப் பட்டியலினும் அழைப்பின் மொழியே வலிதாக முடிவு செய்கின்றது என்பதற்கு இவை சான்று.

சென்னைக் கடற்கரையில் 2002இல் சிங்கப்பூரிலிருந்து வந்த கடலடிக் கம்பிவடம் ஒன்று கரையேறியது; பின்னரும் சில வந்தன. 2015இன் பெருவெள்ளமும், 2016 டிசம்பர் 12இன் வர்தா புயலும் இந்நகரின் கம்பிகளையும் கோபுரங்களையும் எத்துணைச் சோதித்தன என்பதைச் சென்னை வாழ்நர் அறிவர். முழங்கால் நீரில் நின்று அறுந்த ஒளியிழையை ஒட்டவைத்தவர் அவ்விரவைத் தம் நண்பர்க்கு உரைத்தது தமிழில். உரையழைப்புகள் வேண்டிநிற்கும் பட்டறிவு அதுவே. 'ஃபைபர் கட்', 'ஸ்ப்ளைசிங்', 'ஜாயின்ட் பெட்டி', 'லைன் போச்சு' என்று பாதி ஆங்கிலமும் பாதி தமிழுமாக அவர் ஆளும் சொற்களை யாமும் எம் மாணவர் இருவரும் சென்ற ஆண்டு முதல் தொகுத்து வருகின்றோம். இதுகாறும் சேர்ந்தவை இருநூற்றுக்குச் சிறிது மேல். ஒளியிழை ஒட்டுவோர் ஒருவர், அவற்றுள் பாதியை யாம் தவறாக எழுதியுள்ளோம் என்று திருத்தித் தந்துள்ளார்.